கெடாத இனிப்பும் கெடும் தக்காளியும்

ஏப்ரல் சீசன் வந்துவிட்டால் நுவரெலியா நகரத்து சுப்பர் மார்க்கெட்டுகளின் முகமே மாறிவிடும். கொழும்பிலிருந்து பங்களா எடுத்துத் தங்க வருகிறவர்களை நம்பி, மற்ற மாதங்களில் காணக் கிடைக்காத பொருட்களையெல்லாம் இறக்கி வைப்பார்கள். அவற்றில் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று, இத்தாலியில் தோலுரித்துச் சாற்றோடு அடைத்த தக்காளி டின். மற்றது, பான்கேக்கின் மேல் ஊற்றிக்கொள்ளும் சிரப் போத்தல். அந்த நகரத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கொழுந்து எடுக்கிற எந்தக் குடும்பமும் இந்த இரண்டில் ஒன்றையும் வாங்குவதில்லை. ஆனாலும், மலையகத்தில் மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், ஏன் அதைச் சாப்பிடுகிறார்கள் என்று விளங்கிக்கொள்ள இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை.

முதலில் கணக்கை முடித்துவிடலாம். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் உணவுத் தரவுகளின்படி, டின்னில் அடைத்த தக்காளியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 20 கலோரிதான் இருக்கிறது. சீனி 2.5 கிராம் அளவில். அதுவும் பழத்தோடு பிறந்த சீனி. வைட்டமின் சி 10 மில்லிகிராமைச் சுற்றி, பொட்டாசியம் 190 மில்லிகிராமைச் சுற்றி. பான்கேக் சிரப்பில் அதே 100 கிராமுக்கு 230 கலோரிக்கு மேல். மாப்பொருள் 60 கிராமைத் தாண்டும், அதில் பெரும்பகுதி சீனி. வைட்டமின் என்று சொல்ல ஒன்றுமில்லை. இன்னும் இலகுவாகச் சொல்வதென்றால், 400 கிராம் தக்காளி டின் முழுவதிலும் இருக்கிற சீனி ஏறத்தாழ 10 கிராம். சிரப்பில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்தாலே அதைத் தாண்டிவிடும்.

பெயரையும் படத்தையும் பார்த்து இந்தச் சிரப்பை மேப்பிள் மரத்துச் சாறு என்று நினைப்பவர்கள் உண்டு. அசல் மேப்பிள் பாணி கனடாவிலும் அமெரிக்காவின் வெர்மான்ட் பக்கத்திலும் மரத்தில் வடித்த நீரைக் காய்ச்சி எடுப்பது. ஒரு லீற்றர் பாணிக்கு 40 லீற்றர் நீர் வேண்டும். அவ்வளவு விறகையும் நேரத்தையும் மிச்சப்படுத்தவே மலிவான சிரப்புகள் வந்தன. சோள மாவிலிருந்து எடுத்த இனிப்புக் குழம்பு, கருக்கிய சீனியின் நிறம், கொஞ்சம் வாசனை, அவ்வளவுதான் உள்ளடக்கம்.

சத்துக்கு முன்னால் ஆயுள்

சத்து அட்டவணையை மட்டும் பார்த்தால் தக்காளி ஜெயித்துவிட்டது. ஆனால் தோட்டத்துக் கடைக்காரர் அந்த அட்டவணையைப் பார்த்துச் சாமான் வாங்குவதில்லை. எது கெடாமல் இருக்கும் என்று பார்க்கிறார். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டுக்காரியும் அதையே பார்க்கிறார்.

சிரப் ஏன் கெடுவதில்லை? அதிலுள்ள சீனி, தண்ணீரை இறுகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கிருமிகளுக்குக் குடிக்கக்கூடத் தண்ணீர் மிஞ்சுவதில்லை. சீனி, கருப்பட்டி, பாணி, ஜேம் எல்லாம் மாதக்கணக்கில் தாக்குப்பிடிப்பது இந்த ஒரே காரணத்தால்தான். தக்காளியின் கதை நேர் எதிர். அதில் நூற்றுக்கு 94 பங்குக்கு மேல் தண்ணீர். தோல் ஒரு இடத்தில் வெடித்தால் போதும், மறுநாள் பூஞ்சணம்.

அந்தத் தண்ணீரைத் தண்ணீராகவே வைத்துக்கொண்டு, சீனியின் தயவில்லாமல் உணவைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது என்று காட்டியவர் பிரான்ஸ் நாட்டு நிக்கொலா அப்பேர். மிட்டாய் செய்கிற தொழிலில் இருந்தவர். போத்தலில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, கொதிநீரில் வைத்து எடுக்கும் முறையை 1810-ல் புத்தகமாக வெளியிட்டார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் டியூரண்ட் தகர டின்னுக்குக் காப்புரிமை வாங்கினார். கிருமிதான் உணவைக் கெடுக்கிறது என்று லூயி பாஸ்டர் நிறுவுவதற்கு அரை நூற்றாண்டு இருந்தது. காரணம் தெரியாமலே வேலை நடந்தது.

டின்னில் அடைத்தால் சத்தெல்லாம் போய்விடும் என்ற எண்ணம் நம்மிடையே பலமாக இருக்கிறது. பாதிதான் உண்மை. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் தக்காளியை 88 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கிப் பார்த்தார்கள். 2002-ல் வெளியான அந்த முடிவின்படி வைட்டமின் சி நூற்றுக்கு 29 பங்கு குறைந்தது. ஆனால் தக்காளிக்குச் சிவப்பைக் கொடுக்கிற லைக்கோபீன், உடம்பு எடுத்துக்கொள்ளக்கூடிய விதத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடியது. சூடு, பழத்தின் செல் சுவர்களை உடைத்து அதை வெளியே விடுகிறது. கொழுப்போடு சேர்ந்தால் இன்னும் நன்றாக உறிஞ்சப்படும். தேங்காய் எண்ணெயில் தாளித்து வதக்குகிற நம் கறிச்சட்டியில் அது தானாக நடக்கிறது. லைக்கோபீன் புற்றுநோயைத் தடுக்கும் என்று விளம்பரம் செய்கிறவர்களை மட்டும் நம்பவேண்டாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்த ஆதாரங்களைப் பரிசீலித்து, நம்பத்தகுந்ததாக ஒன்றுமில்லை என்று 2007-லேயே சொல்லிவிட்டது.

ஆக, கெடாத இனிப்பு ஒன்று, கெடாத தக்காளி ஒன்று. மலையகத்தில் முதலாவதற்கு உறவுக்காரர்கள் நிறையப் பேர்: சீனி, கித்துள் பாணி, சீனிப் பாணி, ஜேம், பிஸ்கட். இரண்டாவதற்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒருவரும் இல்லை.

கித்துல்கல வீதியோரத்தில்

அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறுகிற ஏ7 வீதியில் கித்துல்கல, கினிகத்தேனைப் பக்கம் வந்தால் வீதியோரத்துக் கடைகளில் கித்துள் பாணிப் போத்தல்கள் வரிசையாக நிற்கும். சிவனொளிபாதமலை பருவகாலத்தில் நல்லதண்ணிக் கடைகளிலும் பாணியும் கருப்பட்டியும் குவிந்திருக்கும். நம் ஊர்ப் பான்கேக் சிரப் இதுதான். நுவரெலியா ஹோட்டல்களில் வெள்ளைக்காரர்களின் காலைப் பான்கேக்குக்கும் இதைத்தான் ஊற்றுகிறார்கள். தேங்காய்ப்பூவைப் பாணியில் கிளறி, மெல்லிய பான்கேக்கில் வைத்துச் சுருட்டுகிற பலகாரம் பேக்கரிக்குப் பேக்கரி உண்டு.

கித்துள் சீவுவது உயிரைப் பணயம் வைக்கிற வேலை. உயர்ந்த மரத்தில் ஏறி, பாளைக்கு மருந்து கட்டிப் பக்குவப்படுத்தி, காலையும் மாலையும் சீவி நீர் இறக்கவேண்டும். இறக்கிய நீர் புளிப்பதற்குள் அடுப்பில் ஏற்றவேண்டும். பல போத்தல் நீர் வற்றித்தான் ஒரு போத்தல் பாணி. பெரும்பாலும் தோட்டங்களை அடுத்த சிங்களக் கிராமங்களின் தொழில் இது. இவ்வளவு பாடுபட்டு எடுப்பதால் விலையும் அதற்கேற்ப இருக்கும். விலை அப்படி இருப்பதால் கலப்படமும் இருக்கும். சீனியைக் கருக்கிப் பாகு காய்ச்சி, பெயருக்குக் கொஞ்சம் கித்துள் கலந்து விற்பது நாடறிந்த இரகசியம்.

கித்துள் பாணி இயற்கையானது, ஆகவே சத்தானது, சலரோகக்காரரும் சாப்பிடலாம் என்று சொல்லி விற்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நல்ல பாணியில் பொட்டாசியம் போன்ற உப்புகள் சிறிதளவு இருப்பது உண்மை. அசல் மேப்பிள் பாணியில் மங்கனீசு இருப்பதும் உண்மை. ஆனால் இரண்டிலும் 100 கிராமுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் சீனி. அந்த உப்புகளுக்காகப் பாணி குடிப்பதென்றால் அதற்கு முன்பே சீனி ஆளை வீழ்த்திவிடும். 2018-19-ல் நாடளாவிய ரீதியில் நடந்த சுகாதார ஆய்வொன்று வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு இருப்பதாகக் கண்டது. அசல் பாணிக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம்; சுவைக்காகவும் மரமேறுகிறவரின் பிழைப்புக்காகவும் கொடுக்கலாம். மருந்தென்று நினைத்துக் கொடுக்கவேண்டியதில்லை.

லயத்து அடுப்பில்

தோட்டத்து வீட்டில் பாணிப் போத்தல் தினம் தினம் இருக்கும் பொருளல்ல. அங்கே இனிப்பு வருகிற வழி வேறு. விடியுமுன்னே, வேலை பிரித்துக் கொடுக்கிற பிரட்டுக்குப் போகிற அவசரத்தில் பாலில்லாத ஒரு சாயத்தண்ணி. பத்து மணிக்கு மலையில் ஒன்று. பகலுக்கு வீடு வந்தால் ஒன்று. கொழுந்து நிறுத்துவிட்டு வந்து ஒன்று, இரவுக்கு இன்னொன்று. சிலர் சீனியைக் கலந்து குடிப்பார்கள், சிலர் உள்ளங்கையில் கொட்டி நக்கிக்கொண்டே குடிப்பார்கள். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்று வைத்தாலும் ஐந்து கோப்பைக்கு 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் விடுத்த வழிகாட்டலில், சேர்த்துக்கொள்கிற சீனியை நாளொன்றுக்கு 25 கிராம் அளவுக்குக் கீழே வைத்துக்கொண்டால் நல்லது என்றது. கடைத் தின்பண்டம் எதையும் கணக்கில் சேர்க்காமலே அந்த எல்லை தாண்டியாயிற்று.

இதைச் சொல்லும்போது ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். செங்குத்தான மலையில் மழையிலும் குளிரிலும் நாள் முழுக்க நின்று, கூடைப் பாரத்தையும் சுமந்து, கேட்ட கிலோவைப் பறித்துக் கொடுக்கிற பெண்ணுக்கு முதலில் வேண்டியது சக்தி. 100 கிராம் கோதுமை மாவில் ஏறத்தாழ 360 கலோரி இருக்கிறது. அதே சக்தியைத் தக்காளியில் எடுக்கவேண்டுமென்றால் இரண்டு கிலோ தின்னவேண்டும். கொழும்பில் உடம்பு குறைக்கிறவருக்குத் தக்காளியின் 20 கலோரி வரம். தோட்டத்தில் பசியோடு மலையேறுகிறவருக்கு அது குறை. மலிவாகவும் உடனடியாகவும் சக்தி கொடுப்பதால்தான் சீனியும் கோதுமை மாவும் இங்கே நிலைத்தன. அன்றைய வேலைக்குப் பேர் விழுந்தால்தான் சம்பளம். அந்தச் சம்பளம் நாளுக்கு 1,000 ரூபாய் ஆவதற்கே 2021 வரை போராடவேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே நாடு வங்குரோத்தாகி, 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 ஆனது. கூடிய சம்பளத்தை விலைவாசி ஒரே வாயில் விழுங்கியது. 2024-ல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் ஆனபோதும் கடன் கொப்பியில் முதலில் எழுதப்படுவது மாவும் சீனியும்தான்.

ஆனால் சக்தி மட்டும் போதுமா என்றால், அதற்குப் பதில் பிள்ளைகளின் உயரத்தில் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 17.3. தோட்டப்புறத்தில் மட்டும் 31.7. பத்து வருடத்துக்கு முந்திய ஆய்வில் இது 40 அளவில் இருந்தது, இறங்கியிருக்கிறது என்று ஆறுதல் கொள்ளலாம். இருந்தும் மூன்றில் ஒரு பிள்ளை என்பது சின்னக் கணக்கில்லை. சின்ன வயிறு ரொட்டியிலும் இனிப்புத் தேத்தண்ணியிலும் நிறைந்துவிட்டால் முட்டைக்கும் பருப்புக்கும் கீரைக்கும் இடமிருக்காது. வயிறு நிறைந்த பிள்ளை அழுவதில்லை. அதனால் பெற்றவளுக்கும் குறை தெரிவதில்லை.

குறை பிள்ளைகளோடு நிற்பதில்லை. தாய்மாரின் இரத்தசோகையில் தேயிலைக்கே ஒரு பங்கு இருக்கிறது. இதைத் தேயிலை நாட்டில் யாரும் உரத்துச் சொல்வதில்லை. தேநீரின் துவர்ப்புக்குக் காரணமான பொலிபீனோல்கள், கீரை, பருப்பு, தானியத்திலிருக்கும் இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் குடித்தால் அந்த இரும்பு உறிஞ்சப்படுவது பாதிக்கும் கீழே இறங்கலாம் என்று பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. ரொட்டியும் சாயத்தண்ணியும் சேர்ந்தே இறங்குகிற வீட்டில் இது தினமும் நடக்கிறது. தோட்டங்களில் இரும்புத்தூள் சேர்த்த கோதுமை மா கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2004-ல் வெளியானது. இரத்தசோகை எதிர்பார்த்தபடி குறையவில்லை. மாவில் கலக்கிற இரும்புத்தூள் சாதாரணமாகவே உடம்பில் குறைவாகத்தான் சேரும்; அதன்மேல் தேத்தண்ணியும் ஊற்றினால் என்ன மிஞ்சும்?

இந்த இடத்தில்தான் தக்காளி வருகிறது. வைட்டமின் சி அதே உணவில் இருந்தால் இரும்பு உறிஞ்சப்படுவது கூடும். ரொட்டிக்கு வெறும் சம்பலுக்குப் பதில் தக்காளிக் குழம்பு இருந்தால், பருப்பை இரண்டு தக்காளி போட்டுக் கடைந்தால், சாயத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தால், காசு அதிகம் செலவழிக்காமலே தட்டு மாறுகிறது. தக்காளியைப் பெரிதுபடுத்தவும் வேண்டாம். லயத்துக் கோடியில் கேட்பாரற்று நிற்கிற கொய்யா மரத்தின் பழத்தில் தக்காளியைப்போல் பதினைந்து மடங்குக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. சம்பலில் பிழிகிற தேசிக்காயும் சும்மா இல்லை. ஆனால் கொய்யா கறிக்கு ஆகாது. ஒரு சட்டி குழம்பை ஆறு பேருக்கு நீட்டுகிற வல்லமை தக்காளிக்கு மட்டுமே உண்டு.

விலை விழுந்தால் கிடங்கு, ஏறினால் கொழும்பு

தக்காளி இங்கே விளையாததும் அல்ல. நுவரெலியா, வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் கரட், லீக்ஸ், பீட்ரூட்டோடு தக்காளியும் போடுகிறார்கள். பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள்ளும் வளர்க்கிறார்கள். தோட்டத்தில் வேலை குறைந்த நாட்களில் அந்த மரக்கறித் தோட்டங்களுக்கே நாட்கூலிக்குப் போகிற நம் ஆட்களும் ஏராளம். தக்காளியைப் பறித்துப் பெட்டியில் அடுக்கிவிட்டு வந்து, இரவில் ரொட்டிக்குச் சம்பல் இடிக்கிற கைகள் அவை.

விளைச்சல் எல்லா இடத்திலும் ஒன்றாக வந்துவிட்டால் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் விலை தரைக்கு இறங்கும். லொறிக் கூலிக்கும் கட்டாது என்று மூட்டை மூட்டையாகக் கொட்டிவிட்டுப் போகிற காட்சி ஏறத்தாழ வருடா வருடம் செய்தியாகிறது. மழை பெய்து பூ உதிர்ந்தால் அடுத்த மாதமே கிலோ விலை கைக்கு எட்டாது. அறுவடைக்குப் பின் இலங்கையில் பழமும் மரக்கறியும் வீணாவது நூற்றுக்கு 30 முதல் 40 வரை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. சீனி விலை ஏறினாலும் இறங்கினாலும் சாக்கில் இருக்கும் சீனி அப்படியே இருக்கும். வாரக்கடைசியில் மொத்தமாகச் சாமான் வாங்குகிற குடும்பம் தக்காளியை நம்பிச் சமையலைத் திட்டமிட முடியாது.

தோட்டத்துக் கடையில் கெடாத தக்காளி ஒரே உருவத்தில்தான் வருகிறது: சோஸ். அதன் லேபலைத் திருப்பிப் பார்த்தால் சிரிப்பு வரும். சாதாரணத் தக்காளி சோஸில் 100 கிராமுக்கு 20 கிராமைத் தாண்டிச் சீனி, 900 மில்லிகிராம் அளவில் சோடியம். தக்காளியைக் கெடாமல் வைக்கவேண்டும், ஆனால் டின்னும் கொதிகலனும் வேண்டாம் என்றால் சீனியையும் உப்பையும் வினாகிரியையும் கொட்டவேண்டியதுதான். அப்படிச் செய்தபின் அது பெயரளவில் தக்காளி. சீனிக் கணக்கில் பான்கேக் சிரப்பை நோக்கிக் கணிசமான தூரம் போய்விட்டது. பிள்ளைகள் ரொட்டிக்கு அதைத் தொட்டுத் தின்பதைப் பார்த்து மரக்கறி சேர்த்தாயிற்று என்று யாரும் திருப்திப்படக்கூடாது.

நியாயமாகப் பாராட்டவேண்டிய டின் ஒன்று உண்டென்றால் அது மீன் டின். 'செமன்' என்று கேட்டு வாங்குகிற பழையவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடலைக் காணாத மலைக்கு மீனைக் கொண்டுவந்த பொருள் அது. டின்னில் அடைத்த கானாங்கெளுத்தி வகை மீனில் 100 கிராமுக்கு 23 கிராம் அளவில் புரதம். எலும்பும் மெத்தென்று வெந்திருப்பதால் 240 மில்லிகிராம் அளவில் கல்சியம். இரும்பு 2 மில்லிகிராம், அதிலும் ஒரு பகுதி தேநீரால் தடுக்கமுடியாத வகை. போதாக்குறைக்கு, மீனோ இறைச்சியோ சேர்ந்தால் பக்கத்தில் இருக்கிற ரொட்டியின் இரும்பும் கூடுதலாக உறிஞ்சப்படும். 425 கிராம் டின் ஒன்றை வெங்காயம், பச்சை மிளகாய், நாலு தக்காளி போட்டுக் குழம்பாக்கினால் ஒரு குடும்பத்துக்கு அந்த நாளைக்குப் பெரும்பாலும் போதும். சம்பள நாளில் மட்டும் நடக்கிற விசேஷமாக அது இருப்பதுதான் வருத்தம்.

ஒரு கையில் வரி, மறு கையில் சலுகை

அரசாங்கத்துக்கு இதெல்லாம் தெரியாமலில்லை. 2016 ஓகஸ்டில் குளிர்பானப் போத்தல்களுக்கு நிறக் குறியீடு வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2-க்குக் கீழே பச்சை. பின்னர் 2019-ல் திண்ம, அரைத்திண்ம உணவுகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு மூன்றுக்கும் அதே மாதிரிக் குறியீட்டைக் கொண்டுவந்தார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத ஆச்சிக்கும் சிவப்புத் தெரியும் என்பதால் இது நல்ல சட்டம் என்றே நினைக்கிறேன். ஆனால் வீதியோரத்தில் பழைய போத்தலில் ஊற்றி விற்கிற பாணிக்கு லேபலே இல்லை. சாக்கிலிருந்து அளந்து, கடதாசியில் சுற்றிக் கொடுக்கிற சீனிக்கும் இல்லை. மலையகத்தில் இனிப்பின் பெரும்பகுதி வருவது இந்தக் கடதாசிச் சுற்றில்தான்.

2017 நவம்பரில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர வரவு செலவுத் திட்டத்தில் குளிர்பானத்தின் ஒவ்வொரு கிராம் சீனிக்கும் 50 சதம் வரி போட்டார். கிலோவுக்குக் கணக்கிட்டால் 500 ரூபாய். மூன்று வருடம்கூட ஆகவில்லை, 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனிக்கான விசேட பண்ட வரி கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாக இறக்கப்பட்டது. கடை விலை அதற்கேற்ப இறங்கவில்லை, திறைசேரிக்குக் கிடைக்கவேண்டிய பணம்தான் போனது என்று அது பெரிய சர்ச்சையாகி, பின்னர் 2023 நவம்பரில் மறுபடி 50 ரூபாய் ஆனது. சீனிக்கு வரி ஏறும், இறங்கும், அமைச்சரவையில் பேசப்படும், பத்திரிகையில் தலைப்புச் செய்தியாகும். தக்காளியைக் கெடாமல் வைக்கிற ஒரு சிறு ஆலைக்கு இதே அளவு கவனம் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை.

கொதிநிலையும் ஒரு கணக்கு

இறக்குமதித் தக்காளி டின்னுக்காக நான் வாதாடவில்லை. அது விலையும் கட்டாது, தக்காளி விளைகிற ஊருக்கு அது அவமானமும்கூட. விலை விழுந்த வாரத்தில் உள்ளூர்ப் பழத்தைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து வைப்பதுதான் கேள்வி. அப்பேர் செய்ததும் போத்தலில்தான்.

செய்முறை கடினமில்லை, ஆனால் மலையில் அதற்கொரு தனிக் கணக்கு இருக்கிறது. கடல்மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். உயரம் 300 மீற்றர் ஏறினால் ஏறத்தாழ ஒரு பாகை குறையும். ஹட்டன் 1,270 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும். 1,868 மீற்றரில் இருக்கிற நுவரெலியாவில் 94. பருப்பு வேக நேரமெடுக்கிறது என்று மேல்மலைப் பெண்கள் சொல்வதற்குக் காரணமும் இதுவே. ஆகவே புத்தகத்தில் கடல்மட்டத்துக்கு எழுதியிருக்கிற நேரத்தை நம்பினால் ஆபத்து. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் வழிகாட்டலில், தோலுரித்து மசித்துக் கொதிக்கவைத்த தக்காளியை அரை லீற்றர் அளவுப் போத்தலில் அடைத்துக் கொதிநீரில் மூழ்க வைக்க, தாழ்ந்த இடத்தில் 35 நிமிடம் போதும். ஹட்டன் உயரத்துக்கு 45 நிமிடம். நுவரெலியாவின் உயரத்துக்கு 50. ஒவ்வொரு போத்தலுக்கும், கடையில் அடைத்து விற்கிற எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி கட்டாயம். தக்காளியின் புளிப்பு இனத்துக்கு இனம் மாறும். அமிலத்தன்மையைக் காட்டும் பீஎச் அளவு 4.6-க்கு மேலே போய்விட்டால், காற்றில்லாத போத்தலுக்குள் பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரலாம். மூடி உள்வாங்கி இறுகாத போத்தலையும், திறந்தால் சீறுகிற போத்தலையும் ருசிகூடப் பார்க்காமல் எறிந்துவிடவேண்டும்.

50 நிமிடம் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவேண்டும் என்றால் ஒரு லயத்து வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. காஸ் விலையில் அது முடியாது. விறகு பொறுக்கவும் நேரமில்லை. ஆளுக்கு ஆள் செய்கிற வேலையாக இதை ஒப்படைத்தால் இன்னொரு சுமையைப் பெண்ணின் தலையில் ஏற்றியதாகத்தான் முடியும். பொதுவான அடுப்பு ஒன்று வேண்டும். தோட்டங்களில், தாய்மார் வேலைக்குப் போகிற நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா இருக்கிறது. அதில் சமையலறை இருக்கிறது, சம்பளத்துக்கு ஓர் ஆள் இருக்கிறார், பகல் உணவு வாங்கப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 1973-லிருந்து இந்த நாட்டில் திரிபோஷா என்ற சத்துமா தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் இலவசமாகப் போகிறது. பொதி கட்டி மலைவரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வழி இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. தோட்டத்தின் ஒரு டிவிசனுக்கு 200 போத்தல், நல்ல மூடிகள், ஒரு பெரிய அண்டா, பீஎச் பார்க்கிற தாள் கொஞ்சம், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஒரு நாள் மேற்பார்வை. தம்புள்ளையில் கொட்டுகிற வாரத்தில் ஒரு லொறி தக்காளி எந்த விலைக்குக் கிடைக்கும் என்பதை அந்த வாரம் அங்கே நிற்கிற எந்த விவசாயியிடமும் கேட்கலாம். போத்தலுக்கும் காஸுக்கும் யார் காசு கொடுப்பது, தோட்டக் கம்பனியா, பிரதேச சபையா, அமைச்சா என்பதில்தான் பேச்சு நிற்கும். அதை அடுத்த அறுவடைக்கு முன்பே பேசி முடிக்கவேண்டும்.